தாளில் இல்லாத ஊர்கள்: கடாரத்து மண்ணில் நம் தோட்டங்கள்

(கெடா மாநிலத்தின் நிலமும் ஊர்களும் மரபும் என்ற பொருளில் பாக்கார் ஆராங்கில் பதிவு செய்யப்பட்ட தொலைக்காட்சிக் கருத்தரங்கில், இவ்வட்டாரத்தில் வளர்ந்த தொலைக்காட்சி அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை இது. வாசகர்களுக்காக எழுத்து வடிவில் தருகிறோம்.)



இந்த மாதிரி நிகழ்ச்சிகளில் என் வேலை மற்றவர்களைப் பேச அழைப்பதுதான். ஒலிவாங்கியை நீட்டுவேன், கடிகாரத்தைப் பார்ப்பேன், நேரம் முடிந்தால் பணிவாகக் குறுக்கிடுவேன். இன்று என்னையே பேசச் சொல்லி விட்டார்கள். நான் வரலாற்று ஆசிரியை இல்லை. தொடர்புத் துறையில் ஒரு டிப்ளோமா, தொலைக்காட்சியில் சில ஆண்டு அனுபவம், அவ்வளவுதான். ஆனால் நான் இந்த ஊர்ப் பெண். அந்த உரிமையில் பேசுகிறேன். தவறு இருந்தால் பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும்.

பாக்கார் ஆராங். இந்தப் பெயருக்கு என்ன பொருள் என்று எப்போதாவது யோசித்திருக்கிறீர்களா? பாக்கார் என்றால் எரிப்பது, ஆராங் என்றால் கரி. கரி சுட்ட இடம். இன்று இங்கே கரிச்சூளை எதுவும் நம் கண்ணில் படுவதில்லை. தொழிற்சாலைகளும் தாமான்களும் அடுக்குமாடி வீடுகளும்தான் இருக்கின்றன. யார் கரி சுட்டார்கள்? எந்தக் காட்டு மரத்தை வெட்டினார்கள்? எப்போது நிறுத்தினார்கள்? நம் பிள்ளைகளைக் கேட்டால் தெரியாது. கேட்காதீர்கள், நமக்கே தெரியாது! ஊரின் பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. பெயராவது மிஞ்சியதே என்று நான் மகிழ்ச்சி அடைகிறேன். ஏனென்றால் பெயர்கூட மிஞ்சாத ஊர்கள் இந்த வட்டாரத்தில் எத்தனையோ உண்டு. அவற்றைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

ஹங்கேரியில் ஒரு சிற்றூர்

சில காலத்துக்கு முன் ஓர் ஆவணப் படம் பார்த்தேன். ஐரோப்பாவில் ஹங்கேரி நாட்டின் வடக்கே ஹொல்லோக்கோ என்று ஒரு கிராமம். மலையடிவாரத்தில் ஒரே தெரு, அதன் இருபக்கமும் சுண்ணாம்பு அடித்த சிறு வீடுகள், மரத் தூண் வைத்த திண்ணை, நடுவில் மரக் கோபுரத்தோடு ஒரு குட்டித் தேவாலயம், குன்றின் மேல் ஒரு பழைய கோட்டை. அவ்வளவுதான் ஊர். 1909ல் அந்த ஊர் தீப்பிடித்து எரிந்தது. மக்கள் பழைய முறைப்படியே மறுபடியும் கட்டிக் கொண்டார்கள். 1987ல் யுனெஸ்கோ அந்தக் கிராமத்தை உலக மரபுச் சின்னம் என்று அறிவித்தது.

எனக்கு வியப்பாக இருந்தது. அரண்மனை இல்லை, பெரிய ஆலயம் இல்லை. விவசாயிகள் வாழ்ந்த சாதாரண வீடுகள். அதற்கு இவ்வளவு மரியாதையா?

அந்த ஊரில் ஈஸ்டர் பண்டிகைக்கு ஆண்கள் வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்து பெண்கள் மேல் ஊற்றுகிறார்கள். பார்த்த உடனே எனக்குச் சிரிப்பு வந்தது. இது நம் மாரியம்மன் திருவிழா மஞ்சள் நீர் விளையாட்டு அல்லவா! அவர்கள் வாளி, நம் வாளி. அவர்களுடையதை உலகம் முழுவதிலும் இருந்து வந்து பார்க்கிறார்கள். நம்முடையதைப் படம் எடுத்து வைத்தவர்கள்கூட அதிகம் இல்லை. ஏன் இந்த வேறுபாடு? அவர்கள் ஊரைக் கணக்கெடுத்து, வரைந்து, எழுதி வைத்தார்கள். நாம் வைக்கவில்லை.

மலையும் கடலும் நடுவே நாமும்

நாம் எப்படிப்பட்ட மண்ணில் உட்கார்ந்திருக்கிறோம் என்று சற்றுப் பாருங்கள். நான் வளர்ந்தது இங்கே ஓர் அடுக்குமாடி வீட்டில். துணி காயப் போடும் இடத்தில் நின்றால் வடக்கே குனோங் ஜெராய் தெரியும். 1,217 மீட்டர் உயரம். சுற்றிலும் சமநிலம், பக்கத்தில் கடல், நடுவில் தனியாக எழுந்து நிற்கும் மலை. வங்காள விரிகுடாவைக் கடந்து வந்த பாய்மரக் கப்பல்காரனுக்கு முதலில் கண்ணில் பட்டது அதுதான். மலையைக் கண்டு கரையைப் பிடித்தான். மலையடிவாரத்தில் மெர்போக் ஆறு. கரை இரண்டிலும் சதுப்பு நிலக் காடு. கப்பல் ஒதுங்க நல்ல இடம். காற்றுத் திசை மாறும்வரை காத்திருப்பான். சரக்கை மாற்றிக் கொள்வான். மறுபடி பாய் விரிப்பான். அப்படித்தான் கடாரம் பிறந்தது.

மலைக்கு அந்தப் பக்கம் போனால் காட்சி மாறும். கண்ணுக்கு எட்டிய தூரம் நெல் வயல். நம்மவர்கள் பாசாக் காடு என்று சொல்லும் அந்த வயல்வெளிக்கு நீர் கொண்டு போக, அலோர் ஸ்டாரிலிருந்து ஜெராய் அடிவாரம் வரை 1885ல் ஒரு வாய்க்கால் வெட்டத் தொடங்கினார், அன்றைய முதலமைச்சர் வான் முகமட் சமான். இரவில் தீப்பந்தங்களை வரிசையாக நட்டு நேர்கோடு பார்த்தார்கள் என்று இன்றும் சொல்கிறார்கள். இன்று அந்த வாய்க்காலுக்கு அவர் பெயர்தான். 1970ல் மூடா பாசனத் திட்டம் வந்தது. ஆண்டுக்கு இரண்டு போகம் விளைந்தது. மலேசியாவின் நெற்களஞ்சியம் என்று பாடப் புத்தகத்தில் படித்தோமே, அது இதுதான்.

மேற்கே போனால் கோத்தா கோலா மூடா. மீனவர் ஊர். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலை அடித்த இடம். உடைந்த படகுகளை எடுத்து வைத்து அங்கே நினைவுச் சின்னம் அமைத்திருக்கிறார்கள். போய்ப் பாருங்கள். ஒரே ஒரு நாள் நடந்ததை ஓர் ஊர் எப்படி நினைவில் வைத்துக் கொள்கிறது என்று தெரியும்.

மலை, ஆறு, வயல், கடல் எல்லாம் சொல்லி விட்டேன். நடுவில் ஒன்று பாக்கி. மலையடிவாரத்திலிருந்து கூலிம் வரை மேடும் பள்ளமுமாக இருந்த நிலம். அதுதான் நம் தோட்டங்கள் இருந்த நிலம். அதற்கு வருகிறேன். அதற்கு முன் கடாரத்தை ஓர் எட்டுப் பார்த்து விடுவோம்.

பேர் எழுதி வைத்த மாலுமி

1834ல் ஜேம்ஸ் லோ என்ற ஆங்கிலேய அதிகாரி, இங்கிருந்து தெற்கே செபராங் பிறையில் ஒரு கல்வெட்டைக் கண்டார். 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று கணிக்கிறார்கள். புத்தகுப்தன் என்ற மாலுமி, தன் பெயரையும் தான் வந்த ஊரின் பெயரையும் பொறித்து, பயணம் நல்லபடியாக முடிய வேண்டும் என்று வேண்டிக் கொண்ட கல். அவன் ஊர் ரக்தமிருத்திகை. தமிழில் சொன்னால் செம்மண் ஊர். வங்காளத்து ஊர் என்பது அறிஞர்கள் கருத்து. இன்று அந்தக் கல் கல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த மாலுமி அரசன் இல்லை, கடலோடிப் பிழைத்தவன். ஆனால் கல்லில் பெயர் எழுதி வைத்தான். 1,500 ஆண்டு கழித்து நாம் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோம். இந்த மாலுமியை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். மறுபடியும் அவனிடம் வருவேன்.

7ஆம் நூற்றாண்டில் சீனத் துறவி இ-சிங் இந்தியாவுக்குப் போகும் வழியில் இங்கே தங்கினார். கி.பி. 1006ல் கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் கட்டிய சூடாமணி விகாரத்துக்கு இராஜராஜ சோழன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்த செய்தி செப்பேட்டில் இருக்கிறது. 1025ல் அவர் மகன் இராஜேந்திரன் கப்பல் படை அனுப்பி, ‘கடாரம் கொண்டான்’ ஆனான். நட்பும் உண்டு, பகையும் உண்டு. பெருமை பேசுகிறவர்கள் இரண்டாவதை மட்டும் பேசுகிறார்கள். எனக்கு முதலாவதும் பிடிக்கும். இங்கிருந்த அரசன் அங்கே ஒரு விகாரம் கட்ட, அங்கிருந்த அரசன் அதற்கு ஓர் ஊரையே எழுதிக் கொடுத்தான் என்றால், போக்குவரத்து எவ்வளவு நெருக்கமாக இருந்திருக்க வேண்டும்!

பூஜாங் பள்ளத்தாக்கு என்று நாம் சுற்றுலா போகும் மெர்போக் பகுதியில் 1936, 37ஆம் ஆண்டுகளில் குவாரிட்ச் வேல்ஸ் தம்பதியர் அகழாய்வு செய்தார்கள். கண்ட இடங்களுக்கு எல்லாம் எண் கொடுத்தார்கள். அதில் எட்டாம் எண், புக்கிட் பத்து பகாட் சண்டி. கருங்கல்லால் ஆன அந்தக் கோயில் அடித்தளம் 1960ஆம் ஆண்டு வாக்கில் சீரமைக்கப்பட்டது. 1980ல் பக்கத்திலேயே அருங்காட்சியகம் திறந்தார்கள். 2009 முதல் சுங்கை பத்துவில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் தோண்டினார்கள். இரும்பு உருக்கிய உலைகள், காற்று ஊதும் மண் குழாய்கள், படகுத் துறைகள் என்று எடுத்தார்கள். கிறிஸ்து பிறப்பதற்கும் முந்தியது என்று அவர்கள் கணிக்கிறார்கள். காலத்தைப் பற்றி அறிஞர்களிடையே விவாதம் உண்டு. இரும்பு உருக்கியதில் விவாதம் இல்லை.

ஒரு செய்தியைக் கவனியுங்கள். சுங்கை பத்துவில் தோண்டிய இடம் எங்கே இருந்தது? செம்பனைக்கு நடுவே! தோட்டத்து நிலத்தில்! நம் தாத்தா பாட்டிமார் வெட்டிக் களைந்து நடந்த மண்ணுக்குச் சில அடி கீழே கடாரத்துத் துறைமுகம் தூங்கிக் கொண்டிருந்தது. அவர்களுக்கும் தெரியாது, துரைக்கும் தெரியாது.

பதினொன்றாம் எண்ணுக்கு நேர்ந்தது

2013ஆம் ஆண்டு இறுதியில் வந்த செய்தியை மறந்திருக்க மாட்டீர்கள். வேல்ஸ் தம்பதியர் எண் கொடுத்த அதே வரிசையில் பதினொன்றாம் எண் சண்டி, நில மேம்பாட்டு வேலையில் இயந்திரத்தால் தரைமட்டமாகி விட்டது. ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட கட்டடம் என்று ஆய்வாளர்கள் மதித்த இடம். நாடே கொதித்தது. பத்திரிகைகள் எழுதின. பதில் என்ன வந்தது? அது தனியார் நிலம், அந்த இடம் மரபுச் சின்னமாக அரசிதழில் பதியப்படவில்லை. 2005லேயே தேசிய மரபுச் சட்டம் வந்து விட்டது. சட்டம் இருந்தது, பதிவு இல்லை. அறிஞரின் புத்தகத்தில் எண் இருந்தது. அரசாங்கத் தாளில் இடம் இல்லை. தாளில் இல்லாததை மண்வாரி இயந்திரம் மதிக்காது.

ஆயிரம் ஆண்டுச் செங்கல்லுக்கே இந்தக் கதி என்றால், எண்பது ஆண்டுப் பலகை லயத்துக்கு யார் பொறுப்பு?

இரண்டாவது கப்பல்

இப்போது தோட்டத்துக்கு வருகிறேன். 1909ல் கெடா, சயாமின் கையிலிருந்து பிரிட்டிஷ் ஆதிக்கத்துக்கு மாறியது. ஹங்கேரியில் ஹொல்லோக்கோ எரிந்த அதே ஆண்டு! ரப்பர் விலை ஏறிய காலம். காடு அழிந்தது, பால்மரம் எழுந்தது, 1915ல் அலோர் ஸ்டார் வரை ரயில் வந்தது, சுங்கை பட்டாணி வளர்ந்தது. வேலைக்கு ஆள் வேண்டுமே! எங்கிருந்து வந்தார்கள்? நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கினார்கள். கடாரத்து அரசன் விகாரம் கட்டிய அதே நாகப்பட்டினம்! 900 ஆண்டு கழித்து அதே கடல் வழி. முன்பு வணிகனும் துறவியும் படைவீரனும் போய் வந்தார்கள். இம்முறை வந்தவன் கூலிக்காரன். ரஜூலா கப்பலின் அடித்தளத்தில் படுத்து வந்த கதையைக் கேட்காத குடும்பம் இங்கே உண்டா?

தோட்டம் என்பதே தனி நாடு. மேட்டில் துரை பங்களா. சற்றுக் கீழே கிராணி வீடு. அதற்கும் கீழே வரிசை வரிசையாக லயங்கள். விடிவதற்கு முன் தண்டலின் மணி. பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவார்கள். ஆயாக் கொட்டகையில் பிள்ளையை விட்டு விட்டு, உளியும் வாளியும் எடுத்துக் கொண்டு நிரைக்குப் போக வேண்டும். மங்கில் பால் நிறைந்ததும் எடுத்து, காண்டாவில் தூக்கி, ஸ்டோருக்குக் கொண்டு போய் நிறுக்க வேண்டும். மத்தியானம் ஒட்டுப்பால் நாற்றத்தோடு வீடு. ஒரு முனையில் மாரியம்மன் கோயில், மறு முனையில் கள்ளுக்கடை, இரண்டுக்கும் நடுவில் ஓர் ஆசிரியர் நான்கு வகுப்பு எடுக்கும் தமிழ்ப்பள்ளி. யார் எங்கே இருக்க வேண்டும் என்பதை நிலமே சொல்லி விடும். மேடு யாருக்கு, பள்ளம் யாருக்கு என்று பார்த்தால் போதும், அந்தக் காலத்து அதிகாரம் முழுவதும் புரிந்து விடும். இது ஒரு நிலக்காட்சி. இதுவும் மரபுதான், அன்பர்களே.

அந்தப் பள்ளத்திலிருந்து எழுந்து நின்றவர்களும் உண்டு. 1946, 47ல் இங்கே பக்கத்தில் பீடோங் ஹார்வார்ட் தோட்டத்தில் ஏ.எம்.சாமி என்பவர் தொண்டர் படை அமைத்தார். கள் குடி ஒழிய வேண்டும், தொழிலாளி தலை நிமிர வேண்டும் என்றார். இளைஞர்கள் அணிவகுத்துப் பயிற்சி எடுத்தார்கள். கள்ளுக்கடை முன் மறியல் நடந்தது. 1947 தொடக்கத்தில் போலீசாரோடு மோதல், உயிர்ச் சேதம், கைது, சிறை. பட்டணத்துப் பிள்ளைகளை விடுங்கள், பீடோங்கிலேயே எத்தனை பேருக்கு இது தெரியும்?

சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கின. துன் வீ.தி.சம்பந்தன் அவர்கள் 1960ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து, தோட்டம் வாங்கினார். அந்தச் சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் எங்கே? நம் கெடாவில்தான், புக்கிட் சிடிம். தன் சம்பளப் பணத்தில் தான் வேலை செய்த மண்ணை வாங்கிய தொழிலாளியின் கதை கெடாவில் தொடங்கியது. இதற்கும் ஒரு பலகை நட வேண்டாமா?

பாட்டியின் சிவப்பு அட்டை

இனி என் வீட்டுக் கதை. என் குடும்பம் இருந்த தோட்டத்தின் பெயரை இங்கே சொல்லவில்லை. யாரையும் குறை சொல்வது என் நோக்கம் இல்லை, பல தோட்டங்களின் கதையும் இதுதான். எனக்கு எட்டு வயது இருக்கும்போது தோட்டம் கைமாறியது. பால்மரம் சாய்ந்தது. லயத்தைக் காலி செய்தோம். லோரியில் சாமான் ஏற்றிக் கொண்டு பாக்கார் ஆராங்குக்கு வந்தோம். நேற்று வரை பால் வெட்டிய அம்மா, மறு மாதம் சீருடை போட்டுக் கொண்டு தொழிற்சாலை பஸ் ஏறினார். உங்களில் பலர் வீட்டிலும் இதுதான் நடந்தது. இங்கே தலையாட்டுகிறார்கள் பாருங்கள்.

என் பாட்டி 1930களில் அந்தத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். அந்தத் தோட்டத்திலேயே பால் வெட்டினார், அங்கேயே கல்யாணம், அங்கேயே ஏழு பிள்ளை. அவரிடம் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. நிரந்தரவாசி. குடியுரிமை இல்லை. ஓட்டு இல்லை. பிள்ளைகளுக்கு நீல அட்டை, பேரப் பிள்ளைகளுக்கு நீல அட்டை, அவருக்கு மட்டும் சிவப்பு.

நான் கல்லூரி முடித்த ஆண்டு, எப்படியும் இதைச் சரி செய்து விடுவது என்று பாட்டியை ஓர் அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். முகப்பில் இருந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். ‘‘பாட்டி இந்த நாட்டில் பிறந்தார் என்பதற்கு ஏதாவது தாள் இருக்கிறதா?’’ என்று கேட்டார். பிறப்புப் பத்திரம் இல்லை. தோட்டத்து மருத்துவமனைப் பதிவு? மருத்துவமனையே இல்லை. தோட்ட அலுவலகத்துப் பெயர்ப் புத்தகம்? அலுவலகம் இடிந்து விட்டது, புத்தகம் எங்கே போனதோ! பள்ளிக்கூடப் பதிவேடு? பாட்டி இரண்டாம் வகுப்பு வரை படித்தவர். பள்ளி மூடி எத்தனையோ ஆண்டு. சரி, இடத்தையாவது காட்டலாம் என்றால், வரைபடத்தில் தோட்டத்தின் பெயரும் இல்லை. அங்கே ஒரு தாமான் இருக்கிறது, பூவின் பெயரில்.

வெளியே வந்து பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தோம். பாட்டி அழவில்லை. ‘‘விடு ஆயி. நான் பொறந்தது எனக்குத் தெரியும், அந்த மாரியாத்தாளுக்குத் தெரியும்’’ என்றார். அந்த மாரியம்மன் சிலையையும் அதற்குள் வேறு கோயிலுக்குக் கொண்டு போய் விட்டார்கள். பாட்டி சிவப்பு அட்டையோடுதான் போய்ச் சேர்ந்தார்.

அன்று எனக்கு ஒன்று புரிந்தது. மரபு, பாரம்பரியம் என்றால் அருங்காட்சியகத்துக் கண்ணாடிப் பெட்டி என்று நினைத்திருந்தேன். இல்லை. ஓர் இடம் பதிவில் இல்லாமல் போனால், அந்த இடத்தில் வாழ்ந்தவரும் பதிவில் இல்லாமல் போகிறார். பதினொன்றாம் எண் சண்டிக்கும் என் பாட்டிக்கும் நேர்ந்தது ஒன்றுதான். இரண்டும் இந்த மண்ணில் இருந்தன என்பது எல்லோருக்கும் தெரியும். தாள் மட்டும் இல்லை.

லயத்தைக் காப்பாற்றி என்ன செய்வது?

ஒரு கேள்வி எழும். எழ வேண்டும். அடிமைப் பிழைப்புப் பிழைத்த லயம் இடிந்தால் நல்லதுதானே? அதை ஏன் கட்டிக் கொண்டு அழ வேண்டும்?

ஒரு படப்பிடிப்புக்குப் போனபோது, இன்னும் மிஞ்சியிருந்த ஒரு லயத்தில் ஒரு மூதாட்டியிடம் இதையே கேட்டேன். ‘‘இதக் காப்பாத்தி என்னம்மா செய்யப் போற? மழ பேஞ்சா ஒழுகும். கக்கூசுக்கு வரிசையில நிக்கணும். எம் பேத்தி அடுக்குமாடியில இருக்கா, ராணியாட்டம்’’ என்றார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. நம் பிள்ளைகள் மறுபடியும் லயத்துக்குப் போக வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்கிறவர்கள் ஒரு நாள் அங்கே தூங்கிப் பார்க்கட்டும்!

ஆனால் அதே மூதாட்டி, நான் புறப்படும்போது என் கையைப் பிடித்து நிறுத்தி, ‘‘இந்தக் கடைசிக் காம்பராவுலதான் எம் மூத்தவன் பொறந்தான். அந்த மாமரம் எங்க அப்பா வச்சது. எழுதிக்க’’ என்றார். எழுதிக்க என்றுதான் சொன்னார், காப்பாற்று என்று சொல்லவில்லை. வீடு போகட்டும், விவரம் போகக் கூடாது. அந்த மூதாட்டிக்குத் தெரிந்த இந்த நியாயம், படித்த நமக்குத் தெரிய வேண்டும்.

துன்பத்தை மறைத்து அழகு மட்டும் காட்டினால் அது மரபு இல்லை, விளம்பரம். துரை பங்களாவை ஓட்டலாக மாற்றி, லயத்தை அழித்து விட்டால், வருகிறவனுக்கு மேடு மட்டும் தெரியும், பள்ளம் தெரியாது. இரண்டையும் எழுத வேண்டும். ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் 2008லும், லெங்கோங் பள்ளத்தாக்கு 2012லும் உலக மரபுப் பட்டியலில் இடம் பெற்றன. எல்லாத் தோட்டத்தையும் அப்படி ஆக்க முடியாது, ஆக்கவும் வேண்டாம். நம் அளவில் செய்யக் கூடியது நிறைய இருக்கிறது.

நாம் செய்யக் கூடியது

நான் பெரிய திட்டம் எதுவும் கொண்டு வரவில்லை. நான்கே நான்கு வேலை. அரசாங்க மானியம் தேவையில்லை, தலைவர் வந்து திறந்து வைக்கவும் தேவையில்லை.

முதலாவது, பெயர். இன்று இரவு வீட்டுக்குப் போனதும் உங்கள் வீட்டுப் பெரியவரைக் கேளுங்கள். எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு, எந்த லயம், எத்தனையாவது வீடு, கங்காணி யார், ஆசிரியர் யார்? மலாய்க்காரர் அந்த இடத்தை என்ன பெயரில் அழைத்தார்கள், சீனக் கடைக்காரர் என்ன சொன்னார்? நம்மவர்கள் தோட்டத்துக்கு ஆங்கிலப் பெயர் தவிர ஒரு தமிழ்ப் பெயரும் வைத்திருப்பார்கள். அதையும் கேட்டு ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு வையுங்கள்.

இரண்டாவது, வரைபடம். அந்தப் பெரியவரையே பென்சிலைப் பிடிக்கச் சொல்லுங்கள். ஸ்டோர் எங்கே, கிணறு எங்கே, கோயில் எங்கே, சுடுகாடு எங்கே? கோணல் மாணலாக இருந்தாலும் பரவாயில்லை. வேல்ஸ் தம்பதியரும் முதலில் எண் போட்டுக் குறித்துத்தான் வைத்தார்கள். அந்தக் குறிப்பு இருந்ததால்தான் 2013ல் இடிந்தது எந்தச் சண்டி என்றாவது நமக்குத் தெரிந்தது.

மூன்றாவது, பதிவேடு. 1957ல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஏறக்குறைய 530. சில பள்ளிகள் இணைந்தன, சில இடம் மாறின, பல மூடின. மூடிய பள்ளிகளின் மாணவர் பதிவேடு எங்கே? கோயில் நிர்வாகத்தாரின் வரவு செலவுக் கணக்கு எங்கே? யாரோ ஒரு முன்னாள் ஆசிரியரின் அலமாரியில், யாரோ ஒரு முன்னாள் தலைவரின் பெட்டியில் கறையான் தின்று கொண்டிருக்கும். அதைத் தேடிப் பிடித்து, படம் எடுத்து, ஒரு பிரதி தேசிய ஆவணக் காப்பகத்துக்குக் கொடுங்கள். தலைமையாசிரியர்களே, கோயில் பொறுப்பாளர்களே, உங்களைக் கைகூப்பிக் கேட்டுக் கொள்கிறேன். அந்தப் பழைய புத்தகத்தில் ஒரு வரி, யாரோ ஒருவருடைய பாட்டிக்கு நீல அட்டையாக மாறலாம்.

நான்காவது, போய்ப் பார்ப்பது. சுங்கை பட்டாணி சுப்பிரமணியர் ஆலயத்துக்குத் தைப்பூசத்தில் எவ்வளவு கூட்டம்! நல்லதுதான். அந்தக் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கு, மறு வாரம் மெர்போக் அருங்காட்சியகத்துக்குப் போனால் எப்படி இருக்கும்? பிள்ளைகளைக் கூட்டிக் கொண்டு போங்கள். புக்கிட் பத்து பகாட் கல்லைத் தொட்டுப் பார்க்கட்டும். போகிற வழியில் செமிலிங், பீடோங் பக்கம் வண்டியை நிறுத்தி, ‘இங்கேதான் உன் தாத்தா பால் வெட்டினார்’ என்று காட்டுங்கள். ஆயிரம் ஆண்டுக் கதையும் எண்பது ஆண்டுக் கதையும் ஒரே சாலையில் இருக்கின்றன.

ஒன்று சொல்லி முடிக்கிறேன். கடாரம் எங்களுடையது என்று மேடையில் கை தட்டுவது எளிது. அது மலாய்க்காரர், சயாமியர், சீனர், தமிழர், வங்காளி எல்லோரும் வந்து போன துறைமுகம். யாரும் தனியாக உரிமை கொண்டாட முடியாது. ஆனால் நம் தோட்டத்துக் கதையை நமக்காக வேறு யாரும் எழுத மாட்டார்கள். அது நம் கடமை.

புத்தகுப்தன் என்ற அந்த மாலுமியை மறுபடியும் நினைத்துப் பார்க்கிறேன். வந்த ஊரின் பெயர், தன் பெயர், ஒரு வேண்டுதல். இவ்வளவுதான் எழுதினான். அவன் கப்பல் கரை சேர்ந்ததா என்று தெரியாது. ஆனால் அவன் இருந்தான் என்பதை இன்று யாரும் மறுக்க முடியாது.

என் பாட்டி ஏறக்குறைய அறுபது ஆண்டு இந்த மண்ணில் பால்மரத்தின் பட்டையில் கோடு போட்டார். அந்தக் கோடுகளை மரத்தோடு வெட்டிச் சாய்த்து விட்டார்கள். இன்றைக்கு இந்த மேடையில் நான் பேசியது ஒளிப்பதிவாகிக் கொண்டிருக்கிறது. நாளை பத்திரிகையில் வரும் என்கிறார்கள். வந்தால், என் பாட்டி இந்த நாட்டில் பிறந்தார் என்பதற்கு முதல் தாள் அதுதான். உங்கள் வீட்டுத் தாளை நீங்கள் எழுதுங்கள்.